மஞ்சள் வைத்த சட்டை

சிலிபின், ஈப்போ
8.5.2019

மரியாதைக்குரிய செபமாலை அண்ணனுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று முதலில் கும்பிட்டுக்கொள்கிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. நான் தர்மேந்திரனின் தங்கை தினேஸ்வரி. லிஃப்ட் பொருத்தும் வேலைக்காகக் கொழும்பு வந்த என் அண்ணனுக்குக் கம்பெனி வண்டி ஓட்டியவர் நீங்கள். போனில் பேசும்போதெல்லாம், செபமாலை மச்சான் அப்படிச் சொன்னான், இப்படிச் சொன்னான் என்பார். வேலை நடக்கும் கட்டடத்துக்குத் தபால் வராது என்று உங்கள் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தார். சித்திரைப் புத்தாண்டுக்குச் சட்டை அனுப்பியது அந்த முகவரிக்குத்தான். இந்தக் கடிதமும் அங்கேயே வருகிறது.

ஈஸ்டர் குண்டுவெடிப்பில் போன அண்ணனின் உடல் ஏப்ரல் முப்பதாம் தேதி வந்து சேர்ந்தது. மூடி முத்திரை வைத்த பெட்டி. திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தது. அதற்கு முன்பே கம்பெனி மூலமாக என் போனுக்கு ஒரு படம் வந்தது. முகம் காட்டும்படி இல்லை என்றார்கள். சட்டைக் காலர் மட்டும்தான் படத்தில் இருந்தது. நீலச் சட்டை, காலரின் உட்பக்கத்தில் மஞ்சள். புதுத் துணியில் மஞ்சள் வைக்காமல் நாங்கள் உடுத்துவதில்லை. அதை வைத்தது என் விரல்தான். ஒரு பொட்டு வைக்கச் சொன்னால் பூசி மெழுகிவிட்டாயே என்று அம்மாவிடம் திட்டும் வாங்கியிருந்தேன். தோளில் அண்ணனின் பாஸ்போர்ட் பையும் இருந்ததாம். "நம்ம புள்ளதானா பாரு, நல்லாப் பாரு" என்றார் அம்மா. நான் ஆமாம் என்றேன்.

மே முதல் தேதி எரித்தோம். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகாதவர் என்பதால், வாழைக்கன்றுக்குத் தாலி கட்டவைத்து மாப்பிள்ளையாக்கித்தான் அனுப்பினோம். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் ஆட்கள் இருந்த காலத்து வழக்கம் அது. தோட்டத்தை அழித்துச் செம்பனை போட்டு இருபது வருடம் ஆகிறது, வழக்கம் மட்டும் எங்களோடு சாமான் லாரியில் ஏறி ஈப்போவுக்கு வந்துவிட்டது. தம்பி பவித்ரன் கொள்ளி வைத்தான். அஸ்தியை ஹுத்தான் மெலிந்தாங் கொண்டுபோய்ப் படகில் ஏறிக் கடலில் கரைத்தோம்.

இறந்த நாளிலிருந்து எண்ணி, முந்தாநாள் பதினாறாம் நாள் காரியம். அதில்தான் ஒரு குறை. இலையில் வைத்ததைக் காகம் தொடவில்லை. அண்ணன் உயிரை விடும் ஆட்டுக்கறிப் பிரட்டல், சார்டின் சம்பல் எல்லாம் வைத்தோம். கூரை விளிம்பில் இருபது முப்பது காகங்கள் உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. சாயங்காலம் வரை நின்று பார்த்துவிட்டு இலையை மடித்தோம். ஏதோ ஆசை பாக்கி நிற்கிறது என்கிறார்கள். கடைசி வரை கூட இருந்தவர் நீங்கள். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தால் இரண்டு வரி எழுதுங்கள். உங்களுக்கும் அடிபட்டதா? உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தினேஸ்வரி

*

கொழும்பு
17.5.2019

என் அருமைத் தங்கச்சி தினேசுக்கு,

அம்மா, தம்பி, நீ மூன்று பேரும் சுகம்தானே? நானும் சுகம் என்று எழுத ஆசை. முக்கால் சுகம் என்று வைத்துக்கொள்.

இது என் கையெழுத்துதான், பயப்படாதே. பதினெட்டு நாள் நினைவு இல்லாமல் கிடந்திருக்கிறேன். இடது காலில் இரும்பு வைத்திருக்கிறார்கள். முகத்துக் கட்டை இந்த மாதம் ஒன்பதாம் தேதிதான் பிரித்தார்கள். காது இரண்டும் போய்விட்டது. எல்லாரும் எனக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறார்கள். தலையில் பட்ட அடியால் போன் திரையைப் பார்த்தாலே மண்டை பிளக்கிறது, ஆறு மாதம் தொடக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதனால்தான் இந்தக் கடிதாசி. கம்பெனி ஆட்கள் எல்லாரும் கோலாலம்பூருக்கு ஓடிவிட்டார்களாம். இங்கே ஆஸ்பத்திரி அலுவலகத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் உங்களுக்குத் தகவல் சொல்வதற்குள் இது வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஈஸ்டர் அன்று செபமாலை மச்சான் வீட்டில் சாப்பாடு. அதற்கு முன்னால் பூசைக்கு வா என்று அவர்கள் ஊர்த் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனான். நான் நம் பழக்கத்தில் புதுச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுப் போனேன். அவன் சிரித்தான். இங்கே எல்லாரும் காலில் போட்டுக்கொண்டேதான் உள்ளே வருகிறார்கள். உட்கார்ந்தும் எனக்கு மனசு சாமியிடம் இல்லை, சப்பாத்தில்தான் இருந்தது. பையை அவன் தோளில் மாட்டிவிட்டு, பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன். குனிந்தது ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான்.

நினைவில்லாமல் கிடந்தபோது ஒன்று நடந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. என் தோள்மேல் சில்லென்று தண்ணீர் சொட்டியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. அப்படி மூன்று தடவை. கற்பூர வாசம். பிறகு எனக்குப் பின்னால் பானை உடைகிற சத்தம் கேட்டது. நான் கடைசியாகக் கேட்ட சத்தம் அதுதான் தினேஸ். குண்டுச் சத்தம் எனக்கு ஞாபகமே இல்லை.

கண்ணைத் திறந்தபோது ஒரு பெண் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு மெல்ல எழுந்து நின்றார். செபமாலையின் மனைவி சாந்தினி அக்கா. முகத்தில் கட்டோடு கிடந்தவன் தன் புருசன்தான் என்று நம்பிப் பதினாறு நாள் துடைத்துவிட்டு, குழாயில் கஞ்சி ஊற்றி, பக்கத்திலேயே இருந்திருக்கிறார். மச்சானை இன்னும் காணவில்லை. அக்கா அவன் படத்தை வைத்துக்கொண்டு வார்டு வார்டாகக் கேட்கிறார். அப்படியும் நாலு மணிக்கு எனக்குச் சோறு கொண்டுவருகிறார்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய நீலச் சட்டை எனக்குப் பிடிக்கிற மாதிரி இருந்தது, அதாவது உடம்பைப் பிடிக்கிற மாதிரி. ஈஸ்டருக்கு உடுத்து என்று மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு அதைத்தான் போட்டிருந்தான். அவனுக்கு நன்றாகவே இருந்தது.

அம்மாவுக்கு என் கும்பிடு.

உன் அண்ணன்,
தர்மேந்திரன்

*

சிலிபின்
4.6.2019

அன்புள்ள அண்ணே,

கும்பிட்டு எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். உன் கால், தலை, காது எல்லாம் தேறி வர வேண்டும்.

நீ உயிரோடு இருக்கிறாய். இந்த ஒரு வரியை எழுதி எழுதி நான்கு தாள் கிழித்தேன். உன் கடிதம் வந்த அன்று கிளினிக்குக்கு வேலைக்குப் போகவில்லை. வார்டுக்குப் போன் போட்டேன். நர்ஸ் போனை உன் காதில் வைத்திருக்கிறார் போல. "கேக்கலலா தினேஸ், கேக்கல" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். உன் குரல்தான்.

அம்மா கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை. வெளியே மீட்டர் பெட்டிமேல் கல் வைத்து அங்கேயே இருக்கிறது. அவருக்கு மனசு சரியில்லை, நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அங்கே வரப் பவித்ரனுக்கு லீவு கிடைக்கவில்லை. உன் பிறப்புப் பத்திரம் அனுப்புகிறேன், கொஞ்சம் பொறு. அங்கே யாராவது ஏதாவது பட்டியலைக் கொண்டுவந்து காட்டினால் நம்பாதே. அவசரப்பட்டுக் கிளம்பவும் வேண்டாம்.

பானை உடைந்தது என்று எழுதியிருந்தாயே, அது பகலா, இரவா? உனக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தால் எழுது.

சாந்தினி அக்காவிடம் ஒன்று கேட்டுச் சொல். அவர் வீட்டுக்காரருக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்? எதை எதோடு, எப்படிச் செய்தால்? ஏன் என்று கேட்காதே. சும்மாதான் கேட்கிறேன்.

உன் தங்கச்சி,
தினேஸ்

*

கொழும்பு
16.6.2019

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டேன். சுகம். ஊன்றுகோலோடு கக்கூசு வரை போய்வருகிறேன், அது இங்கே பெரிய சாதனை.

மீட்டர் பெட்டிமேல் வைக்க நான் என்ன கரண்ட் பில்லா? அம்மாவுக்கு என்ன ஆயிற்று? நீ விசயத்தை விழுங்கி விழுங்கி எழுதுகிறாய். சின்ன வயதிலும் பொய் சொல்லும்போது நீ இப்படித்தான், வாக்கியம் சின்னதாகிவிடும்.

பானை உடைந்தது பகல். நல்ல வெயில். என் நிழல் காலடியில் இல்லை, அதனால் உச்சி வெயில் என்று சொல்கிறேன்.

இங்கே ஆட்களுக்கு ஒருவரை ஒருவர் பார்த்தாலே சந்தேகம். கூடையில் சோறு கொண்டுவருகிறவர்களைக்கூடக் கிளறிப் பார்த்துத்தான் விடுகிறார்கள். அடுத்த கட்டிலில் ஒரு முஸ்லிம் பெரியவர். தேவாலய வாசலில் பணிஸ் ரொட்டி விற்க வந்து அடிபட்டவர். அவரும் என்னைப்போல ரத்தம் சிந்தியவர்தான், ஆனால் பார்க்க வருகிறவர்கள் அவர் கட்டிலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர் மகன் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வருவதே இல்லை. சாந்தினி அக்கா மட்டும் எனக்குக் கொண்டுவருவதில் அவருக்கும் ஒரு பங்கு வைக்கிறார்.

என்னைப் பார்க்கிற பார்வையும் இப்போது சரியில்லை. அலுவலக எழுத்தர் ஒரு தடித்த புத்தகத்தில் என் பெயரைத் தேடினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து கஞ்சி கொடுக்கிற அம்மா கிண்ணத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து போகிறார். முதுகைக் காட்டுவதில்லை.

நீ கேட்டதை அக்காவிடம் எழுதிக் காட்டினேன். அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். சாப்பாட்டு விசயத்தில் அந்த ஆள் இத்தனை பிடிவாதக்காரன் என்று எனக்கே தெரியாது. பாண் என்று எழுதியிருப்பது நம் ரொட்டிதான்.

ஒரு மாற்றம். இரண்டு வாரமாக அக்கா மச்சானின் படத்தைக் கொண்டுவருவதில்லை. யாரிடமும் எதுவும் கேட்பதும் இல்லை. நாலு மணிக்கு வருகிறார், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்காருகிறார், போகிறார்.

உன் அண்ணன்,
தர்மேந்திரன்

*

சிலிபின்
3.7.2019

அன்புள்ள அண்ணே,

நலம், உன் நலமும் அப்படியே இருக்கட்டும். பிறப்புப் பத்திரம் இத்துடன் வருகிறது.

நேற்று அமாவாசை. சாந்தினி அக்கா எழுதியபடியே செய்தேன். ரொட்டியின் ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு, இடித்த சம்பல் வைத்து, அதன்மேல் பொரித்த கருவாடு. பக்கத்தில் ஒரு குவளை தேத்தண்ணீர், சீனி மூன்று கரண்டி. வீட்டுக்குப் பின்னால் இலையை வைத்துவிட்டுத் திரும்பினேன், கதவு வரைகூட வரவில்லை. அத்தனை காகமும் இறங்கிவிட்டது. ரொட்டி முழுதும் போயிற்று. குவளையைக்கூடச் சாய்த்துவிட்டன.

அம்மா சன்னலில் நின்று பார்த்தார். பிறகு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். நான் குவளையை எடுத்துக் கழுவி வைத்தேன்.

அக்காவுக்கு என் நன்றியைச் சொல். வேறு எதுவும் சொல்லாதே.

தினேஸ்

*

கொழும்பு
15.7.2019

தினேசுக்கு,

சுகம் விசாரிக்க இன்றைக்கு மனசு வரவில்லை.

எழுத்தர் அந்தப் புத்தகத்தை என் மடியில் வைத்தார். நீ அனுப்பிய பிறப்புப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்தார். இறந்தவர்கள் பட்டியலில் என் பெயர், என் பாஸ்போர்ட் எண். உடல் மலேசியாவுக்கு அனுப்பப்பட்டது என்று தேதியோடு இருக்கிறது. அடையாளம் சொன்னவர் என்ற இடத்தில் உன் பெயர்.

அப்போதுதான் எல்லாம் வரிசையாகப் புரிந்தது. பானை, மீட்டர் பெட்டி, காகம், ரொட்டி.

எனக்குக் காரியம் செய்துவிட்டீர்கள். சரி, போகட்டும். நீங்கள் என்ன செய்வீர்கள், அந்தப் பையும் சட்டையும் சேர்ந்து அப்படிச் சொன்னால் யாரும்தான் நம்புவார்கள். அதற்காக உன்மேல் கோபமில்லை. ஆனால் என் முதல் கடிதம் வந்தபோதே உனக்குத் தெரிந்துவிட்டது. சட்டையை யாருக்குக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தேனே. ஒன்றரை மாதமாக நீ தெரிந்தே மறைத்திருக்கிறாய்.

இப்போது மணி மூன்றரை. அரை மணி நேரத்தில் அக்கா சோற்றுக் கூடையோடு வருவார். அவர் கையால் வாங்கிச் சாப்பிட வேண்டும். என்ன முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவேன், நீயே சொல்.

தர்மேந்திரன்

*

கொழும்பு
11.8.2019

தினேசுக்கு,

அம்மா, தம்பி சுகமா? நான்கு வாரமாகப் பதில் இல்லை.

எனக்குப் பயணப் பத்திரம் தயாராகிக்கொண்டிருக்கிறது. செத்தவனுக்குப் பாஸ்போர்ட் கொடுக்க அவர்களுக்குப் படிவமே இல்லையாம், எங்கெங்கோ எழுதிக் கேட்டு ஒரு வழியாக முடிந்தது. அடுத்த மாதம் முதல் வாரம் விமானம்.

நான் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று முறை காகிதத்தை எடுத்தேன், எழுத வரவில்லை. யோசித்துப் பார்த்தால் சொல்ல வேண்டியவனும் நான் இல்லை. ஆமாம் என்று சொன்னது நீ. மாற்றிச் சொல்ல வேண்டியதும் நீதான். நீ அவருக்கு எழுதி, அது அவர் கைக்கு வந்தது என்று தெரிந்த பிறகுதான் நான் விமானத்தில் ஏறுவேன். இல்லாவிட்டால் இந்தக் கட்டிலிலேயே கிடக்கிறேன். நான் பிடிவாதக்காரன் என்று உனக்குத் தெரியும்.

உன் அண்ணன்

*

சிலிபின், ஈப்போ
19.8.2019

மரியாதைக்குரிய சாந்தினி அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்கக்கூட எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

சுற்றி வளைக்கவில்லை அக்கா. என் அண்ணன் என்று நாங்கள் எரித்தது உங்கள் வீட்டுக்காரரை. மே முதல் தேதி, பகல் பன்னிரண்டரைக்கு, ஈப்போவில். படத்தில் இருந்த சட்டையைப் பார்த்து நான்தான் ஆமாம் என்றேன். அவ்வளவு பெரிதாக மஞ்சளை அப்பாமல் இருந்திருந்தால் படத்தில் தெரிந்தே இருக்காது, வேறு பரிசோதனை ஏதாவது செய்திருப்பார்கள், நீங்கள் உங்கள் வழக்கப்படி அடக்கம் செய்திருப்பீர்கள். அஸ்திகூட இல்லை. கடலில் கரைத்துவிட்டோம். திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒரு பிடி சாம்பலும் இல்லை.

மே மாதக் கடைசியிலேயே எனக்குத் தெரியும். அண்ணனின் கடிதத்தில் சட்டையைப் பற்றிய வரியை வாசலில் நின்றபடியே படித்தேன். ஏன் உடனே எழுதவில்லை? முதலில் அம்மாவைச் சாக்காக வைத்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிறவனுக்குக் காரியம் செய்தது பெரிய தோசம், கொள்ளி வைத்த கையால் பவித்ரன் அண்ணனைத் தொடக்கூடாது, பரிகாரம் முடியட்டும் என்று காரியம் செய்துவைத்த பண்டாரம் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்கு என் அண்ணன் கிடைத்துவிட்டார், அந்தச் சந்தோசத்தை யாரும் வந்து கலைக்கக் கூடாது என்று இருந்தது. நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரிந்தும் அப்படி இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நேற்று பவித்ரனோடு போலீஸ் நிலையம் போய், நான் சொன்ன அடையாளம் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதன் நகல் இத்துடன் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் பெயரில் அங்கே மரணப் பத்திரம் எடுக்க இது வேண்டியிருக்கும். இங்கே என்மேல் நடவடிக்கை வரலாம் என்றார்கள். வரட்டும்.

உங்கள் சாபம் எதுவானாலும் என்னோடு நிற்கட்டும், அண்ணனுக்குச் சோறு போட்ட கை அவருக்குச் சாபம் கொடுக்க வேண்டாம்.

தினேஸ்வரி

*

நீர்கொழும்பு
1.9.2019

அன்புள்ள தங்கச்சி தினேஸ்வரிக்கு,

யேசுவுக்குத் தோத்திரம். நானும் மாமியும் சுகமாக இருக்கிறோம். உமது அம்மாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லவும்.

உமது கடிதம் வந்தது. ஆனால் எனக்கு அது இரண்டாவது கடிதம். முதல் கடிதம் மே மாதம் வந்தது, என்ட மனுசன் பெயருக்கு. அவர் வந்து உடைக்கட்டும் என்று பத்து நாள் மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். பிறகு பொறுக்க ஏலாமல் உடைத்தேன்.

அந்த நீலச் சட்டையை அன்றைக்குக் காலையில் இஸ்திரி போட்டது நான். காலரில் மஞ்சள் கறை கிடக்கிறது, கழுவித் தரட்டா என்று கேட்டேன். "விடும், அது அவையின்ட அம்மா வீட்டு அடையாளம். இருக்கட்டும்" என்றார். ஆகவே உமது கடிதத்தில் மஞ்சள் என்ற இடத்துக்கு வந்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மிச்சத்தை நிலத்தில் குந்திக்கொண்டு வாசித்தேன்.

கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். எங்களில் ஆளைச் சுடுவதில்லை. குழியில் வைத்து மண் போட்டு, அதன்மேல் ஒரு சிலுவை நட்டு, நவம்பரில் மெழுகுதிரி கொளுத்த ஒரு இடம் வேண்டும். அதை எடுத்துவிட்டீர்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உமது அண்ணனிடம் எல்லாவற்றையும் கேட்டு விடுவது என்றுதான் போனேன். அவர் காது கேட்காமல் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, எனக்கு எழும்பி நின்று மரியாதை செய்யப் பார்த்து விழப்போனார். சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. நீர் எழுதுவீரா என்று பார்த்திருந்தேன். நீர் எழுதவில்லை, என்ட மனுசனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று ஒரு கேள்வி வந்தது. அப்போது உமக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. காகம் தொடவில்லை என்று நீர் எழுதியதை நான் மறக்கவில்லை. அதனால்தான் ஒன்றும் விடாமல் எழுதித் தந்தேன். பாணின் ஓரத்தை வெட்டாவிட்டால் அவர் தொட மாட்டார். உமது இந்தக் கடிதம் வந்த பிறகு, அவை தின்றன என்று நீர் எழுதியதை உமது அண்ணன் எடுத்துக் காட்டியபோது கோபம் பாதி போய்விட்டது.

கடலில் போட்டதைப் பற்றிக் கவலைப்படாதேயும். கடற்கரையில் பிறந்த மனுசன், நீந்திக்கொண்டாவது ஊர் வந்து சேருவார். ஆனால் வாழைமரத்தைப் பற்றித்தான் எனக்கு ஆத்திரம். பதினான்கு வருசம் நான் கட்டி மேய்த்த மனுசனுக்கு, எனக்குச் சொல்லாமல் இரண்டாம் கலியாணம் செய்து வைத்திருக்கிறீர்கள். சக்களத்தி எப்படி இருக்கிறாள், குலை தள்ளிவிட்டாளா? இதை எழுதும்போது சிரிப்பு வந்தது. நாலு மாதத்தில் முதல் சிரிப்பு.

நீர் தந்த பத்திரத்தை நான் இன்னும் ஒருவருக்கும் காட்டவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, வீட்டில் மாமியும் நானும்தான். மாமி இன்னும் மகனுக்குத் தட்டு வைக்கிறார். காணாமல் போனவனுக்காக அழுதால் அவன் உயிருக்கு ஆகாது என்று வீட்டில் ஒருவரையும் அழ விடுவதில்லை. உறவுக்காரர் வந்து மூக்கை உறிஞ்சினாலும் வெளியே அனுப்பிவிடுவார். ஆகவே ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதியிலிருந்து இன்றுவரை இந்த வீட்டில் அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விழவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. எவ்வளவோ பேருக்கு உதவின மனுசன், அழ ஆளில்லாமல் போய்விட்டாரே என்று.

ஆகவே உம்மிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே யாராவது அழுதார்களா?

உமது அண்ணனை ஐந்தாம் திகதி விமானத்தில் ஏறச் சொல்லி எழுதிக் காட்டிவிட்டேன்.

அன்புடன்,
சாந்தினி

*

சிலிபின், ஈப்போ
14.9.2019

அன்புள்ள சாந்தினி அக்காவுக்கு,

வணக்கம். அண்ணன் பத்திரமாக வந்து சேர்ந்தார். பரிகாரமாகப் பின்வாசல் வழியாக வரவழைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி உள்ளே எடுத்தோம். புதுப்பெயரும் வைக்கப் பார்த்தோம், வேண்டாம் என்று சண்டை போட்டார், காது கேட்காதவரோடு எதிர்ச்சண்டை போட முடியாமல் பண்டாரமே விட்டுக்கொடுத்துவிட்டார். அம்மா முதல் இரண்டு நாள் தள்ளியே நின்றார். மூன்றாம் நாள் அண்ணன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தொடுகிறார்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

அழுதார்கள் அக்கா. பெட்டி வாசலில் இறங்கியதும் எதிர்வீட்டுப் பாப்பா அக்காதான் முதலில் ஓடி வந்தார். சாக்கடைத் தகராறில் எங்களோடு இரண்டு வருடம் பேசாதவர், மண்ணில் விழுந்து புரண்டார். தோட்டத்தில் எங்களோடு இருந்தவர்கள் சிலிம் ரிவரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள், பதினொரு பெண்கள். சுற்றி உட்கார்ந்து தோள்மேல் தோள் போட்டு ஒப்பாரி வைத்தார்கள். தெருக்கோடி சீனக் காப்பிக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பவித்ரன் கொள்ளியை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான், இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். நான் எப்படி அழுதேன் என்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் குரல் இல்லாமல் இருந்தேன்.

அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டார். மூடிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, எடுக்கும் நேரமாகியும் விடவில்லை. நான்கு பேர் விரல் விரலாகப் பிரித்தார்கள். இரண்டு நகம் பிய்ந்துவிட்டது.

நீங்கள் மனத்துக்குள் நினைப்பீர்கள், அதெல்லாம் தர்மேந்திரனுக்காக அழுதது என்று. நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்தேன். நேற்று உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிக் கேள்வியை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார், "நா அன்னிக்குப் பேரச் சொல்லி அழுதேனா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை அக்கா. எங்கள் ஒப்பாரியில் பெயர் வருவதில்லை. எம் புள்ள, எம் ராசா என்றுதான் அழுதார். அன்று முழுக்க, பெட்டியில் தலையை வைத்துக்கொண்டு, அது மட்டும்தான்.

அப்படித்தான் என்று சொன்னேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கிருந்தே சொன்னார். "நா அழுதத திருப்பி வாங்கிக்க மாட்டேன்னு எழுது. அது அந்தப் புள்ளைக்கு அழுதது."

இப்படிக்கு,
தினேஸ்வரி